களிம்பு யாருக்கு, காலுறை யாருக்கு

வில்ஃப் சட்க்ளிஃப் இங்கிலாந்தில் ஹோல்ம்பெக் என்ற யார்க்‌ஷயர் ஊர்ச் சந்தையில் ஆயுள் முழுக்கக் காலுறை விற்றவர். ஹோல்ம்பெக்கில் அவர் சரக்கு ஏறாத கால் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் தன் காலில் ஒரு காலுறை மாட்டிவிட ஆளில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

கால் புண் ஆறிவிட்டது. ஆனால் தினமும் காலையில் களிம்பு தடவி, உடனே இறுக்கமான காலுறை மாட்ட வேண்டும்; ராத்திரி அதைக் கழற்றி மறுபடி களிம்பு தடவ வேண்டும். களிம்பு மருந்து என்பதால் நர்ஸ்களின் வேலை. காலுறை உடுப்பு என்பதால் நகராட்சிப் பராமரிப்பு ஆட்களின் வேலை. போன தடவை வீடு திரும்பியபோது நர்ஸ் தடவிவிட்டுப் போய், மற்றவர் மத்தியானம் வந்து சேர்வதற்குள் கால் வீங்கி, புண் திரும்பிவிட்டது. இந்த முறையும் வழி பிறக்காவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று பேச்சு. வில்ஃபுக்கோ தன் வீட்டை விட்டால் உலகமே இல்லை.

இரண்டு இலாகாவையும் ஒரே அறையில் சேர்த்து, அதற்குத் தலைவியாக கிளெனிஸ் ஹெப்வொர்த்தை உட்கார வைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அறை ஒன்றானாலும் தேயிலை டப்பா இன்னும் இரண்டு. கிளெனிஸ், வில்ஃப் கடைக்கு எதிரே அப்பாவின் துணிக்கடையில் வளர்ந்தவள். எதிராளி என்ன கேட்கிறான் என்பதைவிட எதற்குப் பயப்படுகிறான் என்று பார்க்கத் தெரியும். வில்ஃபின் பேச்சை எடுத்தாள்.

"சாக்ஸ் எங்க வேலைதான். ஆனா அவ்வளவு காலையில என்கிட்ட ஆள் இல்லைங்க," என்றான் நகராட்சி டேரன்.

"அப்போ நாங்க தடவிட்டு, சாக்ஸைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கவா?" என்றாள் தலைமை நர்ஸ் நஸ்ரீன்.

"ஒரு காலை ரெண்டு கடையில விக்க முடியாதுப்பா," என்றாள் கிளெனிஸ். "காலைல முழுக் காலும் நஸ்ரீனுக்கு. ராத்திரி கழட்டறதும் களிம்பும் டேரனுக்கு."

களிம்பில் தப்பு நடந்தால் பழி யாருக்கு என்று டேரன் இழுத்தான். நஸ்ரீனின் பயமும் அதுவேதான். அவள் டேரனிடம், "உங்க ஆட்களுக்கு நானே கூட வந்து கத்துத் தரேன். தோல் லேசா சிவந்தாலும் நேரா எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க," என்றாள்.

கிளெனிஸ் உள்ளங்கையை நீட்டினாள். சந்தையில் பேரம் படிந்தால் செய்வதுபோல மூவரும் கையடித்துக்கொண்டார்கள்.

வில்ஃப் வீடு திரும்பிய மறுநாள் கிளெனிஸ் பார்க்கப் போனாள். நஸ்ரீன் மண்டியிட்டுக் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"குதிகால் கோணலா இருக்கு கண்ணு. என் கடையா இருந்தா உன்னை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்," என்றார் வில்ஃப்.

"உங்க கடை சாக்ஸ் ரெண்டு தடவை துவைச்சா சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும்னு எங்கம்மா சொல்வாங்க."

வில்ஃப் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு கிளெனிஸைப் பார்த்தார். "உங்கப்பன் என்கிட்ட ஒரு பேரம்கூட ஜெயிச்சதில்ல. நீ என்னை வீட்டுக்கே கொண்டுவந்துட்டியே பொண்ணே."

கிளெனிஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு கிழவியைக் குளிப்பாட்டுவது யார் என்ற வழக்கைத் தீர்க்க கிளெனிஸ் அலுவலகம் வந்தாள். டேரனும் நஸ்ரீனும் ஏற்கெனவே கையடித்து முடித்திருந்தார்கள். பேரம் பேச எதுவும் மிச்சமில்லை. அப்பா இருந்தால் வியாபாரம் போச்சே என்று புலம்பியிருப்பார். அவர் மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். எந்தத் தேயிலை டப்பா யாருடையது என்று பார்க்கவில்லை.