இந்த லீவு ஸிகோங்குக்கு

என் லீவுக்கு என்னைத் தவிர எல்லாரும் சொந்தக்காரர்கள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன். துபாய்க்கு நர்ஸாக வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அத்தனை லீவும் ஊரில்தான் கழிந்தது, அத்தனை லீவிலும் வீட்டில் ஒரு விசேஷம். விசேஷத்துக்காக நான் லீவு போட்டதில்லை. நான் லீவு போட்டதால் விசேஷம் வந்தது. "தேவகனி எப்ப வாராளாம்?" என்று கேட்டுத்தான் எங்கள் வீட்டில் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் புது வீட்டு ஜெபத்துக்கும் தேதி வைப்பார்கள். அப்பா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவருடைய நினைவு ஜெபத்தை என் லீவு வரும் மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். செத்தவரும் எனக்காகக் காத்திருந்தார்.

கேட்பவர்களுக்கு இது பெரிய மரியாதை போலத் தெரியும். விமானத்தை விட்டு இறங்கி, பந்தியில் சாம்பார் வாளியோடு நின்று, வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் சிரித்துவிட்டு மறுபடி விமானம் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். லீவு முடிந்து டூட்டிக்குத் திரும்பிய அன்று வார்டு நாற்காலியில் உட்காரும்போது எனக்கு அப்பாடா என்று இருக்கும். இதெல்லாம் ஒரு பிழைப்பா?

அதனால் இந்த வருஷம் ஸிகோங்.

ஸிகோங் எங்கே இருக்கிறது என்று போன வருஷம் வரை எனக்கும் தெரியாது. சீனாவில், செங்டு என்ற பெரிய ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆஸ்பத்திரி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வீடியோ வந்தது. மரக்கூரை போட்ட கொட்டகை. உள்ளே அகலமான இரும்புச் சட்டியில் உப்புத் தண்ணீர் கொதிக்கிறது. ஒருவர் நின்று நிதானமாகத் துழாவிக்கொண்டிருக்கிறார். நிழலில் நின்று உப்பு எடுக்கிறார். நான் சோற்றை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஆறுமுகநேரிப் பக்கம், உப்பளம்தான் பிழைப்பு. அதன் மேல் எனக்கு ஏக்கமெல்லாம் கிடையாது, அந்தக் கதையே வேண்டாம். பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள் என்னை உப்பளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வெயிலில் உப்புத் தண்ணீரில் நின்று கால் வெடித்துப் புண்ணாகி, பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் ஆறும். அந்த லீவும் எனக்கில்லை. வெயிலில் வேகாமல் உப்பு கிடையாது என்று நம்பி வளர்ந்தவள் நான். ஸிகோங்கில் ஆயிரம் மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு உப்புத் தண்ணீரை மேலே இழுத்து, அதே பூமிக்குள்ளிருந்து வரும் எரிவாயுவில் காய்ச்சுகிறார்களாம். போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? வேண்டுமாம். எல்லாரும் கேட்டார்கள்.

முதலில் கேட்டவர் கௌஸ் முகைதீன். அல் குசைஸில் நான் இருக்கும் பில்டிங்குக்குக் கீழே டிராவல்ஸ் வைத்திருக்கிறார்.

"சீனாவா? பிரமாதம்க்கா. பெய்ஜிங், ஷாங்காய், நடுவுல புல்லட் ரயில். ஆறு நாள்ல முடிச்சிரலாம். இல்ல அஜர்பைஜான்ல பாகு போறீங்களா? நாலு நைட்டு பேக்கேஜ். பெருநாளுக்கு எல்லாரும் அங்கதான் போறாங்க."

"ஸிகோங். ஒரே ஊரு. எட்டு நாளு."

"அங்க என்னக்கா இருக்கு?"

"உப்பு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெருஞ்சுவரப் பாக்காம சீனாவுக்குப் போயிட்டு வந்தேன்னு சொன்னா ஆளுக சிரிப்பாங்கக்கா."

"சுவரு என் வார்டுலயே நாலு இருக்கு தம்பி. நீங்க விசாவுக்கு வழியச் சொல்லுங்க."

பாவம், சொன்னார். விசா அப்ளிகேஷனில் ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் இருப்பேன் என்று கேட்டிருந்தது. எல்லா நாளுக்கும் ஸிகோங், ஸிகோங் என்றே போட்டேன். இப்படிப் போட்டால் சந்தேகப்படுவார்கள், ரிஜெக்ட் ஆகிவிடும் என்று பயமுறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. விசா வந்தது.

மிச்சத்தை நானே பார்த்துக்கொண்டேன். அங்கே எல்லா ஹோட்டலிலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் தருவார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் சிலருக்கு மெயில் போட்டுக் கேட்டு, வாங்க என்று பதில் சொன்ன இடத்தில் ரூம் போட்டேன், ஆற்றுக்குப் பக்கத்தில். பெட்டிக்கடையில்கூடப் போனைக் காட்டித்தான் காசு கொடுக்க வேண்டும் என்பதால் அவர்களுடைய ஆப்பில் என் கார்டை ஏற்றினேன். நம் மேப் அங்கே சரியாக வேலை செய்யாது என்று அவர்கள் ஊர் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டேன். மொழிபெயர்க்கும் ஆப்பில் "எனக்கு முட்டு வலி, மெதுவாகத்தான் நடப்பேன்" என்பதைச் சீன மொழியில் எழுதிச் சேமித்தேன். அதைவிட முக்கியமான வாக்கியம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

திட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு நாள் உப்புக் கிணறு, ஒரு நாள் உப்பு மியூசியம். டைனோசர் எலும்புகளை அந்த ஊரில் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்களாம், மனசு வந்தால் அது. மழை பெய்தால் எதுவும் இல்லை. ஆற்றங்கரையில் ஒரு பழைய கோயிலை டீக்கடையாக வைத்திருக்கிறார்கள். ஒரு டீ வாங்கினால் போதும், சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், எழுந்து போ என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று படித்தேன். மிச்ச நாளெல்லாம் அங்கேதான். பன்னிரண்டு மணி நேர டூட்டியில் ஓடித் தேய்ந்த காலுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த வருஷம் ஆள் குறைவு என்று ஒரு மாதம் தராமல் பதினோரு நாள்தான் லீவு கொடுத்தார்கள். போகவர நேரம் போக, எட்டு நாள் ஸிகோங்கில். ஊருக்குத் துளி நேரம் இல்லை. அதிலும் எனக்கு ஒரு சந்தோஷம்தான்.

அப்புறம்தான் மடத்தனம் பண்ணினேன். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் லீவு கிடைத்துவிட்டது என்று முதல் வரியில் தேதியைப் போட்டேன். அடுத்த வரியில் சீனாவுக்குப் போகிறேன் என்று போட்டேன். வளைகுடாவில் இருப்பவள் தேதியைச் சொன்னால் அதற்கு மேல் எவன் படிப்பான்? தூக்கிய பெருவிரல் படம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ஒருத்தரும் சீனாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன், கூமுட்டை.

இங்கேயும் அதே கதை. டூட்டி முடிந்து ரூமுக்கு வந்தால் என் கட்டிலில் ஒரு அட்டைப்பெட்டி. என்னோடு ரூமில் இருக்கும் ஷாஜினி, குளச்சல்காரி, வைத்திருந்தாள்.

"அக்கா, எனக்க அம்மைக்குக் கொஞ்சம் தைலமும் பால்பவுடரும். வேற ஒண்ணும் இல்ல. தம்பி ஜிபின் வந்து ஏர்போர்ட்லயே வாங்கிக்கிடுவான்."

"ஜிபினைச் சீனாவுக்கு வரச் சொல்லு."

"அப்போ நீங்க ஊருக்குப் போவலியா?" என்று கேட்டவள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஊர்ல யாருகிட்டயும் சண்டையாக்கா?"

பார்த்தீர்களா? ஊருக்குப் போகவில்லை என்றால் ஒன்று சண்டை, இல்லை வியாதி. மூன்றாவதாக ஒன்று கிடையாது.

சண்டை மறுநாள்தான் வந்தது. தம்பி செல்வசிங் கூப்பிட்டான்.

"எக்கா, ரினிக்கு நிச்சயம் வச்சாச்சு. சர்ச் ஐயரைக் கேட்டு, மண்டபமும் சொல்லியாச்சு. உன் லீவுக்குச் சரியா நடுவுல விழுது பாத்துக்கோ."

ரினி அவனுடைய ஒரே மகள். தூத்துக்குடியில் பேங்கில் வேலை பார்க்கிறாள். அவள் என்றால் எனக்கு உயிர்.

"என்னையக் கேட்டியாலே?"

"உன் லீவைப் பாத்துத்தானக்கா தேதியே வச்சேன்."

"அதுக்குக் கீழ சீனாவுக்குப் போறேன்னு போட்டிருந்தேனே, படிக்கலையா?"

"வெளாட்டுக்குப் போட்டிருப்பேன்னு நெனச்சோம். நெசமாவா? தனியாவா? அங்க போயி என்ன பண்ணப் போறே?"

"சும்மா இருக்கப் போறேன்."

"எக்கா, மாப்பிள்ளை வீட்டுல அத்தை எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"சீனாவுல இருக்கான்னு சொல்லு."

"நாலு பேரு காறித் துப்புவாக."

"துப்பட்டும்லே. தொடைக்க நான் வர மாட்டேன்."

போனை வைத்த பிறகு கழுவிய பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக் கழுவினேன். கோபம் என்று சொல்லிக்கொண்டேன். பாதி பொய், பயமும் இருந்தது. மறுநாள் செல்வசிங் என்னைக் குடும்பக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். தம்பி பெண்டாட்டி தனியாக ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள், வயசான காலத்தில் ஊர் சுத்த ஆசை வந்துவிட்டதாம் எனக்கு. வயசான காலமாம். நாற்பத்தெட்டு எனக்கு. டிக்கெட்டை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தேன். கேன்சல் பண்ண இரண்டு நிமிஷம் ஆகாது என்று தெரியும், அதுதான் கஷ்டமாக இருந்தது.

வாரக் கடைசியில் ரினி கூப்பிட்டாள். வாங்க அத்தை என்று அவள் அழுதால் நான் போய்விடுவேன் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"அத்தை, நீங்க சீனாவுக்குப் போங்க. எக்காரணம் கொண்டும் கேன்சல் பண்ணிராதீங்க."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம் வீட்டிலும் ஒரு பிள்ளைக்குப் புத்தி இருக்கிறதே என்று நினைத்தேன்.

"நீங்க வரலன்னா அப்பா எப்படியும் தேதியத் தள்ளி வச்சுருவாங்க. எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம் அத்தை. கல்யாணம் ஆனா வேலைய விடணுமாம். நீங்க அடுத்த லீவையும் இப்படி மாத்திப் போட்டீங்கன்னா அவங்களே சலிச்சுப் போயி விட்டுருவாங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"ஏட்டி, என் லீவு என்ன பஸ் ஸ்டாண்டு பெஞ்சா, வாரவன் போறவன் எல்லாம் உக்கார? உங்கப்பன் நிச்சயம் வைக்க என் லீவ எடுத்தான். நீ நிறுத்த எடுக்கே. என்ன வித்தியாசம்?"

"எனக்குப் பயமா இருக்கு அத்தை."

"எனக்கும்தான் பயம். பாஷை தெரியாத ஊருல தனியா எறங்கப் போறேன். பயத்தோடதான் டிக்கெட் போட்டேன். நீயும் பயத்தோடயே சொல்லு. எனக்கு இவன் வேண்டாம்னு உன் வாயால சொல்லு. அத்தை வரலன்னு எனக்குப் பின்னால ஒளியாத."

"அம்மா அழுவாங்க."

"அழட்டும். அழுது யாரும் செத்துப் போனத நான் ஆஸ்பத்திரியில பாத்ததில்ல. நான் சீனாவுக்குப் போறது எனக்காக. அதை உனக்கு இரவல் தர மாட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை. அன்று இரண்டு நோயாளிகளிடம் எரிந்து விழுந்தேன், பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னால் மாற்றியிருக்க மாட்டேன்.

கிளம்பும் அன்று ஒரே ஒரு சின்னப் பெட்டி. கயிறு கட்டிய அட்டைப்பெட்டி இல்லாமல் நான் துபாய் ஏர்போர்ட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஷாஜினி தன் தைலத்தில் ஒரு பாட்டிலை எடுத்து என் பெட்டியில் வைத்தாள். "இது அம்மைக்கு இல்ல, உங்க முட்டுக்கு," என்றாள்.

போர்டிங் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது செல்வசிங் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"எக்கா, எல்லாம் போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற தேதி பேச வந்து உக்காந்திருக்காங்க, ரினி வந்து நின்னு எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டா. அத்தனை பேரு முன்னால. அவுக எந்திரிச்சுப் போயிட்டாக."

"ம்."

"நீ சொன்னா கேப்பாக்கா. சீனா எங்கயும் ஓடிராது. ஒரு எட்டு ஊருக்கு வந்து அவளுக்குப் புத்தி சொல்லிட்டுப் போ. உனக்குத்தான் லீவு இருக்குல்லா."

அவன் அழுதான். செல்வசிங் அழுதால் எனக்குத் தாங்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது அவனுக்கும் தெரியும். செங்டு விமானத்துக்கு வரச் சொல்லி அறிவித்தார்கள். நான் எழுந்து நின்றேன். எந்தப் பக்கம் நடக்கப் போகிறேன் என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.

"செல்வசிங்கு, வார்டுல ஆளு சாகக் கிடந்தாக்கூட எங்க ஆஸ்பத்திரியில லீவுல இருக்கவளக் கூப்பிட மாட்டாக, தெரியுமா?"

"அதுக்கு?"

"நான் லீவுல இருக்கேன்லே."

போனை வைத்துவிட்டேன். அணைக்கப் போகும்போது ரினியிடமிருந்து மெசேஜ் வந்தது. "நானே சொல்லிட்டேன் அத்தை. நல்லா இருக்கேன். நீங்க லீவுல இருக்கீங்கன்னுதான் போன் பண்ணல."

பத்தொன்பது வருஷத்தில் என் லீவை என்னுடையது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு பேர் பார்க்க அழுதுகொண்டேதான் வரிசையில் நின்றேன். முந்தப் பார்த்த ஒருத்தனுக்கும் வழி விடவில்லை.