பதின்மூன்று துணி வட்டங்கள்

எட்டாவது குண்டு பலகையின் இடது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனபோது வீரசிங்கம் துப்பாக்கியை மேடைமேல் வைத்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார்.

"எட்டுக் குண்டு, எட்டுத் திசை! பேய் பிடிச்சிட்டுது இந்தச் சாமானுக்கு!"

பக்கத்து மேடையிலிருந்து தம்புசாமி சிரித்தார். கிள்ளானில் லோரிப் பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வயது, எருமைத் தோள்.

"பேய் இல்ல அண்ணே, உங்க மேல அதுக்குக் கோபம். ஒரு தேங்காய ஒடச்சுப் பாருங்க லா."

"உன்ர வேலையப் பார், தம்பி."

அம்பாங்குக்கு அப்பால், பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் ஓரத்தில் இருந்தது அந்தத் துப்பாக்கிச் சங்கத்தின் சுடுதிடல். அன்று சனிக்கிழமை, பயிற்சி நாள். மறுநாள் காலை, சிங்கப்பூர்ச் சங்கத்தோடு மோதப் போகும் மூவரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டாவது சுற்று. இரண்டு சுற்றின் புள்ளிகளையும் கூட்டித் தேர்வு பெறுகிற மூவருக்கும் சட்டைப் பையில் சின்னம் தைத்த நீலக் கோட்டு கிடைக்கும். வீரசிங்கத்துக்கு ஐம்பத்தேழு வயது. ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக அந்தக் கோட்டுக்காகச் சுடுகிறார். இரண்டு முறை ஒரே ஒரு புள்ளியில் தவறிப்போனது. வலது மணிக்கட்டு வேறு, எப்போதோ தண்டவாளத்தில் விழுந்து முறிந்தது, வருடா வருடம் இறுகிக்கொண்டே போகிறது. அடுத்த வருடம் சுட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் போட்டி சாதாரணத் துப்பாக்கிக்கு உரியதும் இல்லை. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய் தோய்த்த ஒரு துணி வட்டத்தை வாயில் விரித்து, அதன்மேல் ஈய உருண்டையை வைத்து, நீண்ட கோலால் அடிவரை தள்ளிவிட்டுத்தான் சுட வேண்டும். உருண்டையைக் குழலுக்குள் கெட்டியாகப் பிடித்து நேராக வெளியே அனுப்புவது அந்தத் துணிதான். துணியும் உருண்டையும் இறுக்கமாக அமைந்தால் குறி தப்பாது, ஆனால் கோலைத் தள்ளக் கையில் பலம் வேண்டும். தளர்வாக அமைந்தால் வெண்ணெயாய் இறங்கும், குண்டு தன் இஷ்டத்துக்குப் பறக்கும். அரை மணி நேரத்தில் பதின்மூன்று முறை சுட வேண்டும், சிறந்த பத்து கணக்கில் சேரும். தம்புசாமி இறுக்கமானதை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவார். வீரசிங்கத்தின் மணிக்கட்டுக்கு அது ஆகாது. இறுக்கமும் வேண்டும், இலகுவாக இறங்கவும் வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு முன் அது கிடைத்தே விட்டது! சமையலறையில் கிடந்த ஒரு பழைய வேட்டித் துண்டை வெட்டிப் போட்டார். கோல் இரண்டு விரல் அழுத்தத்தில் இறங்கியது. பத்துக் குண்டும் ஒரு தேநீர்த் தட்டுக்குள் அடங்கின. துண்டு தீர்ந்தது. அலமாரியிலிருந்து அதே கடையில் வாங்கிய அதே நெசவு வேட்டி ஒன்றை எடுத்தார். ரயில்வே காலத்து மைக்ரோமீட்டரை வைத்துத் தடிப்பை அளந்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை.

ஆனால் அன்றிலிருந்து எல்லாமே தலைகீழ். கோல் பாதியில் சிக்கியது. சிறிய உருண்டை போட்டால் இறங்கியது, ஆனால் குண்டு பலகையிலேயே படவில்லை. மருந்தைக் குறைத்தார், கூட்டினார். எண்ணெயை மாற்றினார். வெள்ளைக்காரர்கள் மாட்டுக் கொழுப்புத் தடவுவார்களாம், அதை வீரசிங்கம் தொடமாட்டார். பன்றிக் கொழுப்பென்றால் திடல் அதிகாரி ஹாஷிம் கொட்டகைக்குள்ளேயே விடமாட்டார். தேன்மெழுகில் தேங்காயெண்ணெய் கலந்தார், ஆமணக்கெண்ணெய் கலந்தார். சமையலறை எண்ணெய்க் கடை மாதிரி ஆனதுதான் மிச்சம். போன ஞாயிறு முதல் சுற்றில் நூற்றுக்கு அறுபத்தொன்பது. வெட்கத்தில் யாரோடும் பேசாமல் காரில் ஏறிவிட்டார்.

ஹாஷிம் விசில் ஊதினார். சுடுவது நின்றது, எல்லோரும் பலகை பார்க்க நடந்தார்கள். இத்தனை நாளும் முழங்கால் உயரம் நின்ற லாலாங் புல்லை அன்று காலையில்தான் வெட்டியிருந்தார்கள். பத்தடி போனதும் வீரசிங்கத்தின் கால் நின்றது. வெட்டிய புல்லின்மேல் அவருடைய துணி வட்டங்கள் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தார். நடுவில் ஓட்டை. கருகிய வடைபோல் விளிம்பு பொடிந்தது. இன்னொன்று, அதுவும் அப்படியே. மூன்றாவது கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

நல்ல துணி கரி படிந்து முழுசாக விழ வேண்டும். இதுவோ குழலுக்குள்ளேயே கிழிந்து எரிந்திருக்கிறது. பிறகு உருண்டை எப்படி நேரே போகும்?

"என்னா அண்ணே, குனிஞ்சு குனிஞ்சு காசு பொறுக்கறீங்களா?" என்றார் தம்புசாமி.

வீரசிங்கம் குனிந்தபடியே தேடினார். எட்டையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸிலுள்ள வீட்டுக்குக் காரை விட்டார். ஜாலான் ட்ராவர்ஸ் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்ட முக்கால் மணி நேரமும் ஸ்டியரிங்கோடு சண்டை போட்டார்.

வீட்டு வாசலிலேயே தொடங்கினார். "சிவமலர்! என்ர துணியில கை வச்சனீரோ?"

மனைவி சிவமலர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "தொட்டால் கையை முறிப்பன் எண்டு சொன்னது நீங்கள்தானே. தூசி தட்டக்கூட நான் அந்தப் பக்கம் போறேல்லை."

"பிறகேன் இப்பிடிக் கருகுது? அதே கடை, அதே நெசவு, அதே தடிப்பு!" எட்டுத் துண்டுகளையும் மேசைமேல் கொட்டினார். சுடாமல் மிச்சமிருந்த பொட்டலத்தையும் பக்கத்தில் எறிந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணெய் படாத புதிய வட்டம் ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். அப்பளம்போல் மொறமொறத்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"இஞ்சாருங்கோ, இதில கஞ்சியெல்லோ கிடக்குது."

"என்ன கஞ்சி?"

"சோத்துக் கஞ்சி. கன்னையா போட்ட கஞ்சி." கன்னையா அவர்களுடைய டோபி. "இது நீங்கள் கோயிலுக்குக் கட்டுற வேட்டி. முதல் வெட்டினது என்ர சட்டி பிடிக்கிற துணி. அதை நானெல்லோ நூறு தரம் சோப்புப் போட்டுத் தோய்ச்சிருப்பன்."

வீரசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய வேட்டியும் சட்டையும் கைக்குட்டையும் கஞ்சி போட்டுப் பெட்டி தேய்த்துத்தான் வந்தன. விறைப்பாக இல்லாத வேட்டியை அவர் கட்டியதே கிடையாது. துணி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றே இருந்துவிட்டார். விறைத்த துணி மடியாமல் குழலுக்குள் சிக்கியது, மடிந்த இடத்தில் வெடித்தது, வெடித்த இடத்தில் நெருப்புப் புகுந்தது. மைக்ரோமீட்டருக்குக் கஞ்சி தெரியுமா?

"ரெண்டு மாசம்! ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எனக்குக் காட்டினனீங்களே?"

அவள் கேட்டது நியாயம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மிச்ச வேட்டியைச் சிவமலர் வெந்நீரில் போட்டுக் கசக்கினாள். மூன்று தண்ணீர் பாலாய் வெளுத்து இறங்கியது. கொடியில் போட்ட ஐந்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தே காய வைத்தாள். ஐம்பது காசு நாணயத்தை வைத்துக் கோடு கீறி, இருவரும் உட்கார்ந்து வட்டம் வட்டமாக வெட்டினார்கள். பதின்மூன்றும், அதற்குமேல் ஏழும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் உருண்டையைக் குழல் வாயில் வைத்துக் கோலைத் தள்ளினார். இரண்டு விரல். வழுக்கிக்கொண்டு இறங்கியது. சுட்டார். தொலைநோக்கியில் பார்த்தார். கறுப்பு வட்டத்தின் நடுவே ஒரு துளை. இரண்டாவது அதை ஒட்டி விழுந்தது. பக்கத்தில் தம்புசாமியின் மரச் சுத்தியல் டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழு நிமிடம் மீதமிருக்கும்போதே வீரசிங்கம் பதின்மூன்றையும் முடித்துவிட்டு, மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். வலியே இல்லை.

புள்ளி எழுதும் மார்க்கிரட் பலகைத் தாளை இரண்டு முறை எண்ணினாள். "வீரசிங்கம் அண்ணை, தொண்ணூற்று நாலு! இண்டைக்கு நீங்கள்தான் முதல்."

சோற்றுக் கூடையோடு கொட்டகையில் உட்கார்ந்திருந்த சிவமலர் எழுந்து நின்றாள். வீரசிங்கத்துக்கு நீலக் கோட்டு தோளில் ஏறிவிட்டது மாதிரியே இருந்தது.

மார்க்கிரட் போன வாரத் தாளை எடுத்துக் கூட்டினாள். பென்சில் ஓரிடத்தில் நின்றது. அவள் முகம் மாறியது.

"போன கிழமை அறுபத்தொன்பது. மொத்தம் நூற்று அறுபத்து மூண்டு." அவள் குரல் இறங்கியது. "தம்புசாமி எண்பத்திரண்டும் எண்பத்து மூண்டும். நூற்று அறுபத்தஞ்சு. அவர்தான் மூண்டாவது ஆள், அண்ணை."

இரண்டு புள்ளி. வீரசிங்கம் தாளை வாங்கித் தானே கூட்டினார். இன்னொரு முறை கூட்டினார். பிறகு தாளை மேசையில் வைத்து, அது பறக்காமல் இருக்கப் பென்சிலையும் அதன்மேல் வைத்தார். ஒரு சட்டி கஞ்சி, ஒரே ஒரு வாரம்!

தம்புசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "அண்ணே, சாரி லா. உண்மையில இன்னிக்கு நீங்கதான் ஆளு. பாத்துக்கிட்டே இருந்தேன், கோலு சும்மா வழுக்கிக்கிட்டுப் போவுது. எப்படிண்ணே? சிங்கப்பூர்ல இந்தச் சுத்தியல வச்சிக்கிட்டு என்னால அரை மணில முடிக்க முடியாது. அந்த ரகசியத்தச் சொல்லுங்க."

சொல்லக்கூடாது என்றுதான் வீரசிங்கம் நினைத்தார். சிவமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பற்களுக்கு நடுவே சொன்னார்: "துணியில கஞ்சி இருக்கக்கூடாது."

"என்னா?"

"கஞ்சி! சோத்துக் கஞ்சி! டோபி போடுவானே, அது. தோய்ச்சு எடுத்திட்டுப் போடு. அவ்வளவுதான்."

தம்புசாமி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "போங்கண்ணே. சொல்ல இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அதுக்காகக் கஞ்சி, கூழுன்னு கத விடாதீங்க லா!"

"சத்தியமாத்தான் சொல்றன், தம்பி!"

"சரி சரி, நான் நம்பிட்டேன்." மேடையில் மிச்சமிருந்த பொட்டலத்திலிருந்து ஒரு துணி வட்டத்தை எடுத்துத் தம்புசாமி மூக்கில் வைத்து ஆழமாக மோந்தார். கண்ணை மூடி யோசித்தார். "நெய்யா அண்ணே? இல்ல... நல்லெண்ணெயா?"

வீரசிங்கம் தொப்பியைக் கழற்றித் தொடைக்கு நேரே ஓங்கினார்.