ஏழாம் நம்பர்

காலை ஆறு மணிக்கு அன்றைய முதல் செட்டைத் திறந்தேன். பின்மூடியின் நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியை நெம்பியதும் எறும்புகள் பொலபொலவென்று கொட்டின. முட்டைகளைக் கவ்விக்கொண்டு மேசை முழுக்க ஓடின, என் சட்டைக் கைக்குள்ளும் ஏறின. பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் அவற்றைத் தள்ளினேன். தின்னர் ஊற்றிக் கழுவி, கறுத்துப்போன பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்தேன். புகை நேராகக் கண்ணுக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டுதான் பற்ற வைக்க வேண்டும், மூச்சு விட்டால் கை ஆடும். ஒரு செட்டுக்குப் பதினான்கு நிமிஷம். பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிவதற்குள் முப்பது செட் முடிய வேண்டும்.

பினாங் தீவின் பாயான் லெப்பாஸில் இருந்த அந்த அமெரிக்கக் கம்பெனி ரேடியோ கேசட் செய்தது. ரப்பர் தோட்டத்திலும் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்திலும் வாங்கக்கூடிய விலையில், இந்தப் பக்கத்து ஜனங்களுக்கென்றே செய்த செட். மூன்றாவது லைனில் நாற்பத்திரண்டு பெண்கள் அதைப் பூட்டினார்கள். பழுதாகித் திரும்பி வந்ததைப் பின்கட்டில் நாங்கள் ஆறு பேர் சரி செய்தோம்.

சரி செய்து முடித்ததும் அட்டை எழுத வேண்டும். பழுது அட்டை அமெரிக்காவில் அச்சடித்து வந்தது. அதில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை பழுதுகள் இருந்தன. ஒன்று, மோட்டார் சுற்றவில்லை. நான்கு, ஸ்பீக்கர் கிழிந்தது. ஏழு, ஈயப் பற்று சரியில்லை. எறும்புக்கு நம்பர் கிடையாது. பல்லி முட்டைக்குக் கிடையாது. சாம்பிராணிப் புகை படிந்து பிசினாகிப் போனதற்கும் கிடையாது. 'மற்றவை' என்று ஒரு கட்டமாவது இருக்கக் கூடாதா? இல்லை. உலகத்தில் உள்ள எல்லாப் பழுதையும் அவர்கள் அங்கே உட்கார்ந்த இடத்திலேயே யோசித்து முடித்துவிட்டார்கள்.

நம்பர் போடாவிட்டால் அட்டை திரும்பி வரும். "வெறுமையா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது. கிட்டத்தட்டப் பொருந்துற ஒரு நம்பரைப் போடுங்கோ" என்பார் மேனேஜர் கார்த்திகேசு. எறும்பு அரித்தாலும், தோட்டத்து ஜெனரேட்டர் கரன்ட் ஏறி இறங்கினாலும், கடற்கரை உப்புக் காற்று தின்றாலும் கடைசியில் விட்டுப்போவது ஈயப் பற்றுதானே? ஏழு என்று போட்டோம். ஒன்றரை வருஷமாக ஆறு பேரும் போட்டோம். வெறும் நம்பர்தானே என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கு முன்பு கம்பெனிக்கு ஒரு சர்வீஸ் வேன் இருந்தது. முகம்மது சுல்தான் அண்ணன்தான் ஓட்டுவார், ரிப்பேரும் பார்ப்பார். கெடா மாநிலத்துத் தோட்டங்களையெல்லாம் சுற்றிவிட்டு வந்து கோப்பி குடித்துக்கொண்டே கதை சொல்வார். எந்த வீட்டில் செட்டைச் சாமி மேடையில் வைத்திருக்கிறார்கள், எவன் படகில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. எறும்பு நுழையாமல் ஓட்டைக்கு உள்பக்கம் வலைத்துணி ஒட்டச் சொன்னதும் அவர்தான். உள்ளூரில் சுற்ற ஆள் எதற்கு, கம்ப்யூட்டர் ரிப்போர்ட் போதும் என்று மேலிடம் ஒருநாள் வேனை விற்றது. அவரையும் அனுப்பியது. வலைத்துணியும் வீண் செலவென்று நின்றது. அதற்குப் பிறகு செட்டுகள் லாரியில் வந்து இறங்கின. அவை எந்த வீட்டில் எப்படி இருந்தன என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த வாரம் திங்கட்கிழமை கார்த்திகேசு மூன்றாவது லைனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கடிதம் கொடுத்தார். திரும்பி வந்த நூறு செட்டில் அறுபத்தொன்று ஏழாம் நம்பராம். ஈயம் வைத்த பெண்களின் கவனக்குறைவாம். 'என் கவனக்குறைவால் பழுது ஏற்பட்டது' என்று வியாழக்கிழமை இரண்டு மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் புதிதாகச் சேர்ந்தவளின் சம்பளத்துக்கு இறங்கலாம். போடாவிட்டால் வெளியே போகலாம். எண்பத்தைந்தாம் வருஷம் அது. தீவில் எந்த பாக்டரியைப் பார்த்தாலும் ஆட்குறைப்பு. யூனியன் என்ற சொல்லை எங்கள் வாசலுக்குள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அறுபத்தொன்றில் பாதி என் கையெழுத்து. இருந்தும் செவ்வாய் வாயைத் திறக்கவில்லை, புதன் திறக்கவில்லை. சொன்னால் பொய் ரிப்போர்ட் எழுதியவள் என்று முதலில் என் சீட்டு கிழியும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறேன். பயம்தான், வேறென்ன?

மூன்றாவது லைனில் லெட்சுமி இருந்தாள். எங்கள் சுங்கை பினாங் பிளாட்டில் கீழ் மாடி. அவள் வைத்த ஈயம் மணி மணியாக வரிசை பிசகாமல் இருக்கும், புதுப் பெண்களை அவள் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் பழக்குவார்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளைக் கைத்தாங்கலாக முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் ஓடினேன். வலது கையில் இரண்டு விரல் நுனி வெந்து வெள்ளையாகிக் கிடந்தது.

"என்னடி பண்ண?"

"பத்தாதுன்னு நெனச்சு ரெண்டாந்தரம் ஈயம் வச்சேன்க்கா. நாலு நாளா எல்லாத்தையும் ரெண்டு தரம் வைக்கிறேன். லைனு ஓடுது, கை பதறிருச்சு." அவள் என்னைப் பார்த்தாள். "நீங்கதானே தொறந்து பாக்குறீங்க. சொல்லுங்க. என் கை அவ்ளோ மோசமா?"

பாவி நான், மருந்து போடும் நர்ஸின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்கு கேன்டீன். நாற்பத்திரண்டு பேரும் கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். லெட்சுமி இடது கையால் பேனாவைத் திறந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

"யாரும் கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். "ஏழாம் நம்பர் உங்க தப்பு இல்ல. நாங்க போட்டது. எறும்பு, பூசைத் தண்ணி, உப்புக் காத்து எல்லாத்துக்கும் அட்டையில இடமில்லன்னு ஏழு போட்டோம். நான்தான் நெறையப் போட்டேன்."

தமிழில் சொன்னதை மலாயில் இன்னொரு தடவை சொன்னேன். சீனப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

லெட்சுமி எழுந்து வந்தாள். "நாலு நாளா என் கைய நானே திட்டிக்கிட்டு இருந்தேன். காலையில உங்க மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அப்பக்கூட சொல்ல வாய் வரலியா?"

"பயந்துட்டேன், லெட்சுமி."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?" என்றாள். அறைந்திருந்தால் தேவலை.

ரோஹானாதான் குறுக்கே வந்தாள். தெலோக் கும்பார் மீனவர் மகள், லைனில் எல்லாருக்கும் மூத்தவள். "சண்டைய அப்புறம் போடலாம்லா. நவமணி, எங்க அப்பா படகுல ஒரு செட் இருக்கு. எட்டு மாசத்துல ரெண்டு தரம் செத்துப் போச்சு. அதுக்கும் ஏழா?" என்று என்னைக் கேட்டாள்.

"அதுக்கும் ஏழுதான்."

"இத வெள்ளைக்காரன் முன்னால சொல்லுவியா?"

"சொல்றேன். ஆனா தனியாப் போக மாட்டேன்."

"யாரு உன்னத் தனியா விடுறது?" என்று ரோஹானா கடிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தாள். ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை.

அமெரிக்காவிலிருந்து மேலிடத்து அதிகாரி கெல்லர் என்பவர் இரண்டு நாளைக்கு வந்திருந்தார். ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டல், ஹோட்டலிலிருந்து பாக்டரி. பாயான் லெப்பாஸ் தாண்டி எதையும் பார்த்திருக்க மாட்டார். பன்னிரண்டு செட்டுகளைத் திறந்தபடியே தள்ளுவண்டியில் வைத்து மீட்டிங் அறைக்குத் தள்ளிப்போனோம். ரோஹானாவும் நானும் உள்ளே. வராந்தா முழுக்க மற்றவர்கள். லெட்சுமியும் இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

கெல்லர் முதல் செட்டை எடுத்து ஸ்பீக்கர் சல்லடையை நகத்தால் சுரண்டினார். "என்ன இது, சேறா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"சந்தனம்" என்று மலாயில் சொன்னேன். "ஆயுத பூசைக்கு வீட்டுல உள்ள சாமான் எல்லாத்துக்கும் சந்தனப் பொட்டு வச்சு மஞ்சத் தண்ணி தெளிப்போம். தையல் மெஷினு, சைக்கிளு, ரேடியோ. தண்ணி உள்ள போயிடும். வருஷா வருஷம் பூசை முடிஞ்ச மறுவாரம் செட்டு குவியும்."

கார்த்திகேசு அதை இங்கிலீஷில் சொன்னார். கெல்லர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரேடியோவுக்கு எதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும்? அப்படியென்றால் வாங்கியவர்கள் தப்பு" என்றார்.

"அவங்க அப்படித்தான் வாழுறாங்க. நீங்க அவங்களுக்குத்தானே விக்கிறீங்க? மேல ஒரு மூடி வச்சு, உள்ள ஒரு வலைத்துணி ஒட்டியிருந்தா இதுல பாதி வந்திருக்காது. எங்கள்ள யாரையாச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்போம். கேக்கத்தான் ஆள் இல்லையே. சுல்தான் அண்ணன் ஒருத்தர் கேட்டுக்கிட்டு வந்தாரு, அவரையும் வெரட்டிட்டீங்க."

கார்த்திகேசு இதை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். நான் சொன்னதில் காரத்தையெல்லாம் வடிகட்டிவிட்டார். ரோஹானாவுக்கு இங்கிலீஷ் தெரியும். "அவ அப்படிச் சொல்லல" என்று நான் சொன்னதை முழுதாகச் சொன்னாள்.

கெல்லரின் முகம் மாறியது. கார்த்திகேசுவைப் பார்த்து, "நீ இந்த ஊர்க்காரன்தானே. இது உண்மையா?" என்றார்.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அவ்வளவாகத் தெரியாது, சார்."

வண்டியின் கோடியில் இருந்த செட்டை எடுத்து கார்த்திகேசு முன்னால் வைத்தேன். உள்ளே விபூதி கட்டியாகக் கிடந்தது. "இது டத்தோ கிராமாட்டுல இருந்து வந்தது, சார். போன மாசம் நீங்களே கொண்டாந்து குடுத்தீங்க, சாமான் வரலன்னு இன்னும் கெடக்கு. உங்க வீட்டுச் செட்டு. இதுக்கும் ஏழுதான் போடச் சொன்னீங்க."

அவர் அந்தச் செட்டைத் தொடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பத்திரண்டு பேரைப் பார்த்தால் இன்னும் பாவமாக இருந்தது.

"அப்படியானால் ஒன்றரை வருஷமாக நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்" என்று கெல்லர் என்னிடம் சொன்னார்.

"உங்க அட்டையில உண்மைக்கு இடம் இல்ல" என்றேன்.

அவர் வெளியே போய் அரை மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்தார். செட்டுகளைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவாராம், பதில் வர மாதங்கள் ஆகுமாம். அதுவரை கடிதம் கடிதம்தான். இரண்டு மணிக்குள் கையெழுத்துப் போடாதவர்கள் நாளை வர வேண்டாம். பொய் ரிப்போர்ட் எழுதியதற்காக நான் இன்றோடு வர வேண்டாம். எறும்பை நேரில் கண்ட பிறகும் அந்த ஆள் நம்பரைத்தான் நம்பினார்.

என் பிரஷ்ஷையும் தம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மணிக்கு வாசலுக்கு வந்தேன். பாக்டரி பஸ்கள் நின்றன. வழக்கமாகக் காலை ஷிப்ட் ஏறிப் போனபிறகுதான் பகல் ஷிப்டை உள்ளே இறக்குவார்கள். இரண்டு ஷிப்டும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனியின் எழுதாத சட்டம். அன்றைக்கு மூன்றாவது லைன் பஸ் ஏறவில்லை. நாற்பத்திரண்டு பேரும் சோற்றுத் தூக்குகளோடு வாசலை அடைத்து நின்றார்கள். என்னோடு ரிப்பேர் பார்க்கும் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். பகல் ஷிப்டுக்காரர்கள் இறங்கி வர, ரோஹானா கைதட்டிக் கூப்பிட்டு மலாயில் சொன்னாள். ஒரு சீனப் பெண் அதை ஹொக்கியன் மொழியில் திருப்பிச் சொன்னாள். தமிழில் சொல்ல வேண்டியது என் பங்கு. என் தப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

முதலில் நாலைந்து பேர் உள்ளே போனார்கள். வீட்டில் எரியும் அடுப்பு அவர்களுக்கும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு ஒருத்தி நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நாங்கள் கேட்டது மூன்றே விஷயம். கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும். அட்டையைத் திருத்த எங்களைக் கூட்டி உட்கார வைக்க வேண்டும். தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் போய் ஜனங்களிடம் கேட்டு வர ஓர் ஆள் வேண்டும், இந்த ஊர் ஆள்.

வாசல் காவல்காரன் போனை எடுத்தான். போலீஸ் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். வெயில் மண்டையைப் பிளந்தது. ரோஹானா முதலில் சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். உள்ளே மூன்றாவது லைன் ஓடவில்லை. அந்த அமைதி வாசல் வரைக்கும் கேட்டது.

என் பக்கத்தில் நிழல் விழுந்தது. கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லெட்சுமி நின்றாள்.

"கோவம் போகலக்கா" என்றாள். "அவ்ளோ சீக்கிரம் போகவும் போகாது."

"போக வேணாம்."

"அது வேற, இது வேற. தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தேன்.