கால்வாய்த் தெரு வழியாக

காற்றில் எங்கே எவ்வளவு புகை என்று காட்டும் திரையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைக் கால்வாய்த் தெரு வழியாகத் திருப்பிவிட்டு, பொறியாளர் சண்முகவேல் பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகியது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. அறையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

கரோலின் தட்டவில்லை. லாரிக் கணக்கை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் அவள் வேலை. திரையில் கால்வாய்த் தெரு வெறும் கோடாகக் கிடந்தது.

"சார், அது காலி எடமில்ல. ஜனங்க கீறாங்க. எங்க வூடே அங்கதான் கீது. எங்க வூட்டுக்காரருக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கும் சார்."

சண்முகவேல் கெட்டவரில்லை. "முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பதறி, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வீடுகளைச் சேர்க்கச் சொன்னார். சிலுவையம்மாளின் இட்லிக்கடை, தாவூது பாயின் சைக்கிள் கடை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் தன் வீட்டையும் சேர்த்தாள். கணக்கை மறுபடி ஓட்டினார்கள். கால்வாய்த் தெரு சிவந்தது. ஆனாலும் அடியில் வந்த மொத்தப் பாதிப்பு, லாரிகள் நெடுஞ்சாலையில் போவதைவிடக் குறைவுதான். நெடுஞ்சாலையில் ஜனம் அதிகம், இங்கே கொஞ்சம்.

"இப்பதான் சரியா வந்திருக்கு," என்றார் அவர், நிஜமான சந்தோஷத்தோடு. "உங்களாலதான்."

மழைக்காலம் முடிந்ததும் லாரிகள் வந்தன. கரோலினின் புருஷன் நெல்சன் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கி நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். இப்போது படுத்தால் மூச்சு வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். "எவன் இந்த வழியப் போட்டானோ, கஸ்மாலம்" என்று அவன் திட்டும்போதெல்லாம் கரோலின் அவன் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

பங்குனியில், கம்ப்யூட்டர் சொன்னது சரிதானா என்று பார்க்க, காற்றை அளக்கும் மெஷினோடு ஜீப் வந்தது. அதை வைக்கத் தோதான இடம் நெல்சன் வீட்டு வாசல்தான். கரோலின் இறங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோனது.

"சிலுவக்கா, வந்து பாரு! எம்பொண்டாட்டி நமக்காவ ஆபீசையே இட்டாந்துகீறா!"

வாளியைத் தூக்கிவந்து, மூச்சிரைக்க இரைக்க வாசலில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தான்.

"கரோலின், அவரைத் தெளிக்க வேணாம்னு சொல்லுங்க," என்றார் சண்முகவேல் தணிந்த குரலில். "தூசி அடங்கிட்டா அளவு தப்பா வரும்."

அவள் போனாள். "போதும்யா, வுடு."

"இன்னாத்துக்கு? சுத்தமா இருந்தா ஆபீசருக்கு நல்லதுதான?"

வாளியை வாங்கிக்கொண்டாள். தெளித்த இடம் அதற்குள் காய்ந்துவிட்டது. தெருமுனையில் லாரிகள் திரும்பின. நெல்சன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில், போட்டோவுக்கு நிற்பவனைப் போல நிமிர்ந்து நின்றான். வாய் மட்டும் காற்றுக்காகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.