நாற்பது நிமிடக் கட்டி

பரிசோதனைக்கூடத்தில் அவளைச் 'சாம்பலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் காரக்கரைசலில் குழைத்து, சிமெண்ட் இல்லாமலே கல்லாக்குவது அவள் வேலை. கல்லாவதற்குச் சூடு வேண்டும். துறைத்தலைவர் நம்புவது ஓவனை மட்டுமே. ஒரு முழு நாள் அதில் கிடக்க வேண்டும். அந்த ஓவனில் இடம் கிடைப்பதோ குதிரைக் கொம்பு.

"மைக்ரோவேவ்ல வெச்சா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும் சார்."

"சோறு சூடு பண்ற பெட்டியிலயா? சரி, வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். கட்டி முப்பது மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கணும். இல்லைன்னா நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போயிடணும்."

ஸ்டோர் ரூம் என்றால் பன்னிரண்டு வருட வேலைக்குத் தலைமுழுக்கு. குடுவைகளை எண்ணிக்கொண்டே ஓய்வு பெற வேண்டியதுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாளே வீட்டு மைக்ரோவேவைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்துவிட்டாள். அது நாத்தனார் கொடுத்த பரிசு. கணவன் வாசலில் நின்று, "என் தங்கச்சி வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று புலம்பியது காதில் விழாத மாதிரி நடந்தாள்.

வேகம்தானே நம் கட்சி என்று முழுச் சூட்டில் வைத்தாள். நாலாவது நிமிடம் டமார்! உள்ளே மாட்டிக்கொண்ட நீராவி கட்டியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. புதன்கிழமைக்குள் பதினொரு கட்டிகள் வெடித்தன. மாணவர்கள் தீபாவளியா என்று கேட்காத குறைதான். அவள் தூளைக் கூட்டி அள்ளிவிட்டு அடுத்ததைக் குழைத்தாள்.

அன்று மாலை கதையைக் கேட்ட கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டில் சமையல் அவன் பொறுப்பு.

"முழுச் சூட்டுலயா வெச்ச? உறைஞ்ச மீனை அப்படி வெச்சா ஓரம் வெந்துடும், நடுவுல ஐஸா இருக்கும். பனிப்பூ படம் போட்ட பட்டன் ஒண்ணு இருக்கும் பாரு. விட்டு விட்டுத்தான் சூடாக்கும்."

"அப்படி ஒரு பட்டன் இருக்கா?"

"சமையலறைப் பக்கம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டாள். சொன்னது சரியாயிற்றே.

வியாழக்கிழமை, ஈரம் பறந்துவிடாதபடி கட்டியை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, பனிப்பூவை அமுக்கினாள். நாற்பது நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெடிக்கவில்லை. விரலால் தட்டினால் கணீரென்றது.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். ஸ்டோர் ரூம் உத்தரவுதான், கையெழுத்து மட்டும் பாக்கி. நசுக்கும் இயந்திரத்தில் முதலில் ஓவன் கட்டி ஏறியது; முப்பத்தாறில் உடைந்தது. அடுத்து அவளுடையது. முள் முப்பதைத் தாண்டி முப்பத்துமூன்றில் நின்றது.

"குருட்டாம்போக்குல ஒண்ணு அமைஞ்சிருக்கும். மறுபடி வந்தாத்தான் நம்புவேன். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று பேனாவைத் திறந்தார்.

அவர் சொல்லும் ரெண்டு வாரம் வரவே வராது என்பது அவளுக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு வாரம் எதுக்கு சார்? உக்காருங்க. ஓவனா இருந்தா நாளைக்கு வாங்கன்னு சொல்லணும். இதுக்கு ரெண்டு டீ குடிக்கிற நேரம் போதும்."

அவர் கண்ணெதிரிலேயே சாம்பலை நிறுத்துக் குழைத்தாள். அச்சில் இட்டுத் தாளைச் சுற்றினாள்.

"பட்டனை நீங்களே அமுக்குங்க. அப்புறம் குருட்டாம்போக்குன்னு சொல்ல முடியாது."

அவர் அமுக்கினார். முதல் டீ வந்தது, இரண்டாவதும் வந்தது. கட்டி ஆறியதும் இயந்திரத்தில் ஏறியது. முள்ளை அவரே படித்தார்.

"முப்பத்துநாலு."

"இன்னொண்ணு செய்யட்டுமா சார்?"

"வேண்டாம்மா." காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இந்தப் பெட்டி இங்கேயே இருக்கட்டும்."

அவள் அந்த நிமிடமே கணவனுக்கு போன் போட்டாள். கண்ணில் நீர் முட்டியது, குரல் மட்டும் தழுதழுக்கவில்லை.

"மைக்ரோவேவ் இனிமே வீட்டுக்கு வராது. உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."