இடைவெளியா, தெத்தா

எங்கள் லேபில் ஒரு வாரத்தில் ஒருவர்தான் விடுப்பு எடுக்கலாம். ஐந்தே பேர் உட்கார்ந்து செயற்கைப் பல் செய்கிற இடத்தில் இரண்டு நாற்காலி காலியானால் வேலை படுத்துவிடும் என்பார் ஓனர். அது சரிதான். ஆனால் வருடா வருடம் இரண்டு பேருக்காவது ஒரே வாரம் வேண்டியிருக்கும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதற்காகத்தான் பந்தயம். டிவியில் ஓடுகிற பாட்டுப் போட்டியில் யாருடைய ஆள் ஜெயிக்கிறாரோ, அவர் முதலில் வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கம்ப்யூட்டரில் பல் வரைகிறவள். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி அட்டவணையை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

இந்த வருடப் போட்டியில் ஒரு புதுமை. பாடுகிறவர்கள் மூக்கு வரை மறைக்கும் முகமூடி போட்டுக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒரு முகமூடி. பெயரும் சொல்லமாட்டார்கள். குரலை வைத்துத்தான் இது போன வாரம் பாடியவர் என்று கண்டுபிடிக்க வேண்டும். கடைசி நாளில்தான் முகத்தைக் காட்டுவார்கள்.

நாங்கள் பார்ப்பது சனிக்கிழமை மதிய மறுஒளிபரப்பு. அப்போது அரவை மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு ஒன்றும் காதில் விழாது. திரையில் வாய்கள் திறந்து மூடும். வாய் திறந்தால் நாங்கள் வேறு எதைப் பார்ப்போம்?

"இவதான் போன வாரம் பச்சை முகமூடி. முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு தீக்குச்சி போகும் பாரு," என்று முதல் மாதமே சொன்னார் அச்சு மாமா. வாயின் அளவை வைத்து ஜிப்சம் மாவில் பல் அச்சு வார்க்கிறவர் அவர்.

இப்படித்தான் அட்டவணையில் பத்துப் பேருக்கும் பெயர் வந்தது. இடைவெளி, தெத்து, ஈறு, குட்டை, மஞ்சள், இன்னும் ஐந்து. சீட்டுக் குலுக்கி ஆளுக்கு இரண்டு எடுத்தோம். கடைசிச் சுற்றுக்கு மிஞ்சியது இரண்டு பெண்கள். இடைவெளி, பல்லுக்குப் பீங்கான் பூசிச் சாயம் தேய்க்கிற பீங்கான் அக்காவின் ஆள். தெத்து, அச்சு மாமாவின் ஆள்.

இருவருக்கும் வேண்டியது ஒரே வாரம்தான். அக்காவின் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான், மூன்று வருடத்துக்குப் பிறகு கரைக்கு வருகிறான். எட்டே நாள். துறைமுகம் இங்கிருந்து ஒரு நாள் ரயில் பயணம். மாமாவின் மகள் அதே வாரம் வீடு மாற்றுகிறாள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் இல்லை.

"உங்க பொண்ணுக்கு ஆள் வச்சு சாமான் ஏத்தலாம் மாமா. எனக்கு ஆள் வச்சு தம்பியப் பாக்க முடியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"பந்தயம்னா பந்தயம்தாம்மா," என்றார் மாமா. சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. இரண்டு வெள்ளி முகமூடிகள். இரண்டு வாய்கள் திறந்தன.

இடைவெளியும் இல்லை, தெத்தும் இல்லை. இரண்டு வாயிலும் ஒரே மாதிரி, பளிச்சென்று, வரிசையாகப் பல். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு நிகழ்ச்சிக்காரர்கள் பல்லைத் தேய்த்துச் சீராக்கி, மேலே மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பரிசாம், திரையின் அடியில் எழுத்து ஓடியது.

"இதுல யாரு யாரு?" என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அட்டவணையைப் பார்த்தேன். அட்டவணையில் பற்கள்தான் இருந்தன.

ஒருத்தி ஜெயித்தாள். முகமூடியைக் கழற்றினார்கள். நாங்கள் ஒருநாளும் பார்த்திராத கண்களும் நெற்றியும். அவள் அழுதாள், திரையில் அவள் பெயர் வந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

மோட்டார்களை நிறுத்தினோம். அந்த அறையில் வேலை நேரத்தில் அமைதியைக் கேட்டது அன்றுதான். பழைய நிகழ்ச்சியைப் போனில் போட்டு, இடைவெளி பாடுவதைக் கேட்டோம். பிறகு தெத்து பாடுவதை. பிறகு ஜெயித்தவளை. மூன்றும் ஒரே குரல் போலிருந்தது. திரும்பக் கேட்டால் மூன்றும் மூன்று குரல். பட்டறைச் சத்தத்திலேயே இருந்து எங்கள் காதுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பொட்டலம் எடுக்க வந்த டெலிவரி அண்ணன் வீட்டில் சத்தத்தோடு பார்க்கிறவர். அவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"முதல் பாட்டுலயே தூங்கிடுவேம்மா நான். நல்லாத் தூக்கம் வருதுன்னுதான் பாக்குறதே," என்றார்.

ஓனர் என்னிடம், "நீதான் நடத்துறே, நீயே முடிவு சொல்லு," என்று கையைக் கழுவிவிட்டார். அக்காவுக்கே கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? அடுத்த நிமிடமே மாமாவின் முழங்கையில் காய்ந்திருந்த மாவு கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் நியாயமாக இருக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று எனக்குப் புரியவில்லை.

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள். ஜெயித்தவள் சிரிக்கிற இடத்தில் நிறுத்தி, பல்லைப் பெரிதாக்கினாள். சாயம் தேய்க்கும் தூரிகையின் பின்முனையால் திரையைத் தொட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது தெத்து," என்றாள்.

"எப்படிக்கா சொல்றீங்க?"

"இடைவெளிய மூடணும்னா முன்பல்லு ரெண்டையும் அகலமாத்தான் செய்யணும். வேற வழியே இல்ல. இவளுக்குக் குறுகலா இருக்கு. தோத்தவளப் பாரு, முன்னாடி ரெண்டும் பலகை மாதிரி. அவதான் என் ஆளு."

அதைச் சொல்லத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?" என்றார் மாமா. ஜெயித்தவர் குரலாகவே இல்லை.

"ஜெயிச்சுட்டீங்க. போய் பீரோவத் தூக்குங்க."

அவள் மோட்டாரைப் போட்டுவிட்டாள். அதற்குமேல் யாரும் பேச முடியவில்லை.

அன்று வேலை முடிந்ததும் அளவுகோலைப் போன் திரையில் வைத்து நானே அளந்தேன். பெரிதாக்கினால் அகலம், சிறிதாக்கினால் குறுகல். பக்கத்துப் பல்லோடு ஒப்பிட வேண்டும் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அளக்கத் தைரியம் வரவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்தாலும் எனக்குக் குழப்பம், தப்பாக இருந்தால் இன்னும் குழப்பம்.

மாமா இல்லாத வாரத்தின் நான்காவது நாள், முதுகில் பையோடு ஒருவன் லேபின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். எட்டு நாளில் இரண்டு நாளை ரயிலுக்குக் கொடுத்துவிட்டு அவனே வந்திருந்தான். ஓனர் மாமாவின் முக்காலியைக் காட்டினார். அக்கா மேசை விளக்கை அவன் பக்கம் திருப்பினாள். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிற தம்பி. எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"வாயத் திற," என்றாள்.

திறந்தான். அவள் குனிந்து பார்த்தாள்.

"எந்த ஊருல எவன்டா உனக்கு இந்தப் பல்ல வச்சான்?"

அவன் வாயைத் திறந்தபடியே ஏதோ சொன்னான். மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.