கீத் வில்மட் காருக்கு அடியில் படுத்திருக்கிறார்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்து பஸ் டிப்போ கேன்டீனில், இந்த ஊர் ஓட்ஸ் தோசைக்குள் பன்றி இறைச்சியையும் சீஸையும் சுருட்டித் தின்றுகொண்டே கீத் வில்மட் சொன்னது. அவரும் நானும் வெகுநாளாக ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிறோம். பழைய கார் வாங்கப்போன சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு வாக்கியம் சொன்னார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மத்தியானம் ஹேன்லி பஸ்ஸை இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமலே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள் திட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ தம்பி. உங்க பாஷையிலதான? இங்க எவன் படிக்கப்போறான்" என்றார்.

2

முதல் தொடக்கம்: [அறுபத்தொரு வயதில் ஒருவர் பந்தயக் கார் வாங்கப் புறப்பட்டால் ஊர் சிரிக்கும்.] அடித்துவிட்டேன். ஊர் சிரிக்கவில்லை. இங்கே ஷெட் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு கிறுக்கு பூட்டிக் கிடக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: [திறந்த கூரை, இரண்டே இருக்கை, பக்கவாட்டில் புகைக்குழாய், ரத்தச் சிவப்பு...] இது விளம்பரம் மாதிரி இருக்கிறது. அதுவும் போனது.

மூன்றாவது தொடக்கம், ஒரு கட்டுரைபோல: அறுபதுகளில் வந்த அசல் பந்தயக் கார் ஒன்றை விற்றால் எங்கள் தெருவை மொத்தமாக வாங்கலாம். ஆகவே சாதாரண ஆட்கள் நகல் கட்டிக்கொள்கிறார்கள். மேல் தோல் கண்ணாடி நார், புதிதாக வார்த்தது. உள்ளே எஞ்சின், கியர், பின் அச்சு, கைப்பிரேக் எல்லாம் பழைய குடும்பக் கார் ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியது. அப்படிப் பாகம் கொடுத்த வண்டியை இவர்கள் டோனர் என்கிறார்கள், சிறுநீரகம் கொடுத்தவரைச் சொல்வதுபோல. முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதை வைத்துக்கொள்ளலாம். பின்னால் தேவைப்படும்.

3

கார் ஆசை கீத்துடையது இல்லை. அவர் மனைவி பெரிலுடையது.

பெரிலை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய ஒரே மகள் லோர்னா பத்தொன்பது வயதில், ஒரு ஜனவரி மாதம், லீக் என்கிற ஊருக்குப் போகிற சாலையில் கார் பனிக்கட்டியில் வழுக்கிச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. டீ வேண்டுமா என்றால்கூட "நீ போட்டா குடிக்கறேன்" என்பதுதான் பதில்.

அப்படிப்பட்ட பெரில் ஒருநாள் இப்படியொரு நகல் காரின் விளம்பரத்தைக் கொண்டுவந்து கீத்தின் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"இத வாங்கலாம் கீத்."

கீத் அவளுக்குக் காய்ச்சலா என்று பார்த்தார்.

"நாம ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருஷமா செத்துத்தான் கெடக்கறோம். கொஞ்சம் காத்து வாங்குவோம்" என்றாள்.

இந்த இடத்தில் கீத் தோசையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். அவருடைய ஓய்வுப் பணத்தில் ஒன்பதாயிரம் பவுண்டு எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு பென்னியும் கிடையாது. அந்த விலைக்கு வருகிற நகல்கள் எல்லாம் குப்பை. சீடில் ஊரில் பார்த்த ஒன்றில் கதவு கையோடு வந்ததாம். மாக்கிள்ஸ்ஃபீல்டில் பார்த்த இன்னொன்று மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்ததாம். [இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாகத்தான் சிரிப்பு வந்தது. இப்போது படிக்க முடியவில்லை, கிழித்துவிட்டேன்.]

4

மூன்றாவது கார் நார்மன் ஹேசல்டினுடையது.

நார்மனை நான் நம்பவில்லை. கதாபாத்திரமாகத்தான் சொல்கிறேன். எழுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற பள்ளிக்கூடக் காவலாளி, பன்னிரண்டு வருடம் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு காரைக் கட்டிவிட்டு, இப்போது இடுப்பு மடங்காததால் ஏறி உட்கார முடியாமல் விற்கிறார். இவ்வளவு நல்ல மனிதரை வைத்துக் கதை எழுதினால் வாசகர் சந்தேகப்படுவார். ஏதாவது ஒரு கெட்ட குணம் இருந்ததா என்று கீத்தைக் கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, பிஸ்கட்டை எண்ணித்தான் வைத்தார் என்றார்.*

* என் நண்பர் ஒருவர் இதுவரை படித்துவிட்டு, "அந்த நகல் கடைசியில் அசலாக இருக்கட்டும், கீத் கோடீஸ்வரர் ஆகட்டும்" என்று யோசனை சொன்னார். அவர் நல்லவர். அவர் சொன்னதுபோலவே நடந்திருக்கலாம் என்று நானும் ஆசைப்படுகிறேன்.

நார்மன் அவர்களை "வாங்க கண்ணு, வாங்க" என்று கூட்டிப்போனார். இந்த ஊரில் ஆண்களே ஆண்களைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். ஷெட் கதவைத் தள்ளியதும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கார் அப்படி இருந்தது. பெரில் யாரையும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

டோனர் எது என்று கீத் கேட்டார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

"பழைய குடும்பக் காரு கண்ணு. இருபது வருஷத்துக்கு முன்னாடி பர்ஸ்லம் பக்கம் ஒரு பழைய இரும்புக்காரன்கிட்ட எடுத்துப் போட்டேன். முன்னாடி எல்லாம் நொறுங்கிக் கெடந்துச்சு. பின்னாடி பாத்தா ஒரு கீறல் கெடயாது. அச்சு, கைப்பிரேக்கு எல்லாம் அப்படியே தூக்கி மாட்டிட்டேன்."

கீத் தலையாட்டினார். டோனர் என்றாலே எங்கோ இடித்த வண்டிதான். சொல்லிவிட்டு நார்மன் டீ போட வீட்டுக்குள் போனார்.

5

இப்படிப்பட்ட காரை வாங்கப்போகிறவர்கள் முதலில் மேலே பார்ப்பதில்லை. தோல் எதையும் சொல்லாது. கையோடு ஒரு அட்டையும் டார்ச்சும் கொண்டுபோய், தரையில் விரித்து மல்லாந்து படுத்து, அடியில் நகர்ந்து போவார்கள். கீத்தும் போனார்.

அடிச்சட்டம் சுத்தம். வெல்டிங் சுத்தம். ஒரு துளி எண்ணெய் இல்லை. மேலே பெரில் ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்துக்கொண்டு வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டாள். அவள் அப்படிச் செய்து கீத் கேட்டதே இல்லை. வாங்கிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். கடைசியாகப் பின் அச்சுக்கு டார்ச் அடித்தார்.

கைப்பிரேக் கம்பியைத் தாங்குகிற பட்டை ஒரு கரண்டி.

சாப்பிடுகிற கரண்டி. குழியைத் தட்டையாக அடித்து, காம்போடு அச்சில் வெல்டு வைத்திருந்தது. வெல்டு அசிங்கமாக, கட்டி கட்டியாக இருந்தது. மேலே கறுப்பு பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில், காம்பு நுனியில், ஒரு சின்ன ரோஜாப்பூ.

[இங்கே எழுத முடியாமல் நான்கு நாள் நின்றேன்.]

முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கீத்தும் எனக்கு இங்கேதான் சொன்னார். லோர்னாவுக்கு ஓட்டுநர் தேர்வு இருந்த வாரத்தில் அவர்கள் வீட்டுக் காரில் இதே பட்டை ஒடிந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. ரோஜாப்பூ போட்ட பெரிலின் கல்யாணக் கரண்டிகளில் ஒன்றை எடுத்து கீத்தே வெல்டு வைத்தார். பெரில் வீடு முழுக்கத் தேடினாள். லோர்னாதான் சிரிப்பை அடக்க முடியாமல் அப்பாவைக் காட்டிக்கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் கைப்பிரேக் போடு என்று யாரும் சொன்னதில்லை, கரண்டியைப் போடு என்பார்கள்.

லோர்னா செத்தது அந்தக் காரில்தான்.

விபத்துக்குப் பிறகு பெரில் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்த வண்டியில் ஒரு திருகாணிகூட மிஞ்சக் கூடாது, நசுக்குவதை நீ நின்று பார்த்துவிட்டு வா. கீத் இரும்புக்காரனிடம் போனார். நசுக்கச் சொல்லித் தனியாகப் பணமும் கொடுத்தார். ஆனால் நிற்க முடியவில்லை. வாசலிலேயே திரும்பி, கால்வாய் ஓரமாகச் சுற்றி நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். பார்த்தாயா என்று கேட்டதற்குப் பார்த்தேன் என்றார். அப்புறமும் அவள் தூக்கம் வராதபோதெல்லாம் கேட்பாள். ஒவ்வொரு முறையும், "என் கண்ணால பாத்தேன் பெரில்" என்று சொல்லித் தூங்கவைத்திருக்கிறார்.

இப்போது அவர் காருக்கு அடியில் கிடக்கிறார். அவருக்கு ஒரு முழம் மேலே அதே பெரில் உட்கார்ந்து, என்ன கீத், எடுத்துக்கலாமா என்று கேட்கிறாள்.

6

கீத் அன்று இதற்கு மேல் சொல்லவில்லை. ஆகவே முடிவுகளை நானே எழுதிப்பார்த்தேன்.

(அ) ஒன்றும் சொல்லாமல் வெளியே வருகிறார், வாங்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மலைப்பக்கம் போகிறார்கள், பெரிலின் முடி காற்றில் பறக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீத் அந்தக் கைப்பிரேக்கை இழுக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறுக்கு மேல் என்னால் அவரை ஓட்டவைக்க முடியவில்லை.

(ஆ) அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கிறது என்று பொய் சொல்கிறார். பெரில் ஆணியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். டீத் தட்டோடு வாசலில் நிற்கிற நார்மன், "துருவா? என் வண்டியிலயா?" என்கிறார். அந்த முகத்தை எழுதினேன், எழுதி அடித்துவிட்டேன். பிஸ்கட்டை எண்ணி வைத்த குற்றத்துக்கு இது அதிகம்.

(இ) உண்மையைச் சொல்கிறார். "பெரில், கொஞ்சம் கீழ எறங்கு" என்று எழுதினேன். மறுபடி எழுதினேன். அடுத்த வரி வரவே இல்லை. [பெரில் மெதுவாக] [பெரில் அவரைப்] [பெ]

7

மூன்றையும் கீத்திடம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். அதே கேன்டீன், அதே மேஜை. தோசை வாங்கவில்லை, டீ மட்டும். கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒண்ணு தப்பு. அவ மேலயே உக்காந்திருக்கல."

பெரில் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாளாம். பதில் இல்லை. இரண்டாவது முறையும் இல்லை. இவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது என்று பயந்து இறங்கி, நல்ல பாவாடையோடு சிமென்ட் தரையில் படுத்து, அவர் பக்கத்தில் நகர்ந்து வந்துவிட்டாள். டார்ச் எரிந்துகொண்டேயிருந்தது. அணைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அவளும் பார்த்தாள்.

அவள் அழுவாள் என்று கீத் நினைத்தார். கத்துவாள் என்று நினைத்தார். அவள் கையை நீட்டி அந்த ரோஜாப்பூவை விரலால் தடவினாள். அப்புறம் தலையை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

"நசுக்கினத நின்னு பாத்தேன்னு சொன்னியே, கீத்."

இதைச் சொல்லிவிட்டு கீத் எழுந்து டீக்கோப்பையைக் கழுவி வைத்தார், லாங்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அவர் இப்போது டிப்போவுக்கு எந்தக் காரில் வருகிறார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதையே பதில் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். அவள் கேட்டது காரைப் பற்றி இல்லை.

ஆகவே அவர்களை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். இரண்டு பேரும் மல்லாந்து கிடக்கிறார்கள். அவள் முகம் அவர் முகத்திலிருந்து ஒரு சாண் தூரம். நார்மன் டீயோடு முற்றத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறார், செருப்புச் சத்தம் கேட்கிறது. என்னால் இவ்வளவுதான் முடிந்தது. மீதியை நீங்கள் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

கீத் சொன்னார், "பெரில்,